‘இஸ்’ போடுவதா, ‘ஆர்’ போடுவதா: ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் ஒட்டாதபோது

காரைக்குடியில் சின்னதாக ஒரு தட்டச்சு, டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் விசாரணைக்குப் பதில் கடிதம், கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய வீடுகளின் விளம்பரத் தாள், கண்டாங்கிச் சேலைக்கு வைக்கும் அட்டை, கல்லூரி முடித்த பிள்ளைகளின் வேலை விண்ணப்பம் என்று ஆங்கில வேலை தினமும் வரும். எழுத்துப் பிழையைக் கணினி சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. திரும்பத் திரும்பத் தப்பித்து அச்சுவரை போய்விடுவது ஒன்றுதான்: எழுவாய் ஒருமையாக இருக்க, வினை பன்மையாக நிற்பது, அல்லது நேர்மாறாக. அதை எந்த வரிசையில் தேடுகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம்.

## முதலில்: பிழை வரக்கூடிய வாக்கியம்தானா?

வாக்கியம் இறந்த காலத்தில் இருந்தால் பெரும்பாலும் கவலையே வேண்டாம். ‘வென்ட்’, ‘கேம்’, ‘சோல்ட்’ எல்லாம் ஆள் யாராக இருந்தாலும் மாறாதவை. ‘வில்’, ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ வந்தாலும் அப்படியே. மாறுகிறவை நிகழ்கால வினைகள், ‘ஹேஸ்’–‘ஹேவ்’, ‘இஸ்’–‘ஆர்’, அப்புறம் இறந்த காலத்தில் ‘வாஸ்’–‘வேர்’ ஜோடி. இவற்றை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரு பக்கக் கடிதத்தில் பத்துப் பன்னிரண்டு வட்டம் வரும். சரிபார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

## அறிகுறி: ஒரே ஆள், ஆனால் வினையில் எஸ் இல்லை

‘ஷி ஒர்க் இன் சிங்கப்பூர்’, ‘ஹி டோன்ட் நோ’ போன்றவை.

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். பேச்சில் கடைசி எஸ் தேய்ந்துபோகிறது, கையும் அப்படியே எழுதிவிடுகிறது. ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ வரும் இடங்களை மட்டும் தேடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ‘ஷி ஒர்க்ஸ்’, ‘ஹி டஸ்ன்ட் நோ’.

அவசரம் இல்லாமல், யோசித்து எழுதியும் இந்தப் பிழை வந்தால் காரணம் வேறு. ஒரு பெண் நேர்முகத் தேர்வுக்கான கடிதத்தைக் கொண்டுவந்தாள். மற்ற வரிகள் சுத்தமாக இருந்தன. ஒரு வரியில் மட்டும் ‘மை ஃபாதர் ஹேவ் எ டைல்ஸ் யூனிட்’ என்று இருந்தது. கீழேயே ‘மை பிரதர் ஹேஸ்’ என்று சரியாக எழுதியிருந்தாள். ஏனம்மா என்று கேட்டேன்.

“அப்பச்சி வச்சிருக்காகன்னுதானே அண்ணே சொல்லுவோம். தம்பி வச்சிருக்கான். அதான் அப்பச்சிக்கு ‘ஹேவ்’ போட்டேன்.”

அவளுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. மரியாதை உள்ளே புகுந்துவிட்டது. நம் ஊர்ப் பேச்சில் அப்பச்சி வந்தாக, ஆச்சி சொன்னாக என்று மரியாதைக்குப் பன்மை போடுகிறோம். ஆங்கில வினையில் மரியாதை ஏறாது. மன்னராக இருந்தாலும் ‘தி கிங் ஹேஸ்’தான். கடிதத்தில் பெரியவர்கள், அதிகாரிகள், ஆசிரியர்கள் வரும் வரிகளைத் தனியாக ஒருமுறை பாருங்கள். இந்தக் காரணத்தால் வரும் பிழை அங்கேதான் குவிந்து கிடக்கும்.

## அறிகுறி: எஸ் இரண்டு இடத்தில் நிற்கிறது

‘தி டைல்ஸ் கம்ஸ் இன் எ வுடன் பாக்ஸ்.’ பெயரிலும் எஸ், வினையிலும் எஸ். ஒன்றை எடுத்துவிடுங்கள்: ‘தி டைல் கம்ஸ்’ அல்லது ‘தி டைல்ஸ் கம்’. எஸ் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் இருக்காது என்ற இந்தக் கணக்கு பத்தில் எட்டு இடத்துக்குப் போதும். கணக்கு பொய்க்கும் இடங்களும் உண்டு. ‘சில்ட்ரன் ப்ளே’, ‘விமன் ஒர்க்’ என்பவற்றில் இரண்டு பக்கமும் எஸ் இல்லை, ஆனால் சரி. ‘தி நியூஸ் கம்ஸ்’ என்பதில் இரண்டு பக்கமும் உண்டு, அதுவும் சரி. ‘ஐ’, ‘யூ’ இரண்டும் இந்தக் கணக்குக்குள் வராது.

‘ஹவ் மச் டஸ் இட் காஸ்ட்ஸ்?’ என்று வந்தால், ‘டஸ்’ ஏற்கெனவே எஸ்ஸை வாங்கிக்கொண்டது. ‘காஸ்ட்’ வெறுமையாக இருக்க வேண்டும். ‘ஷி கேன் ஸ்பீக்ஸ்’ என்பதும் தப்பு. ‘கேன்’ பக்கத்தில் எஸ் வராது.

## அறிகுறி: வாக்கியம் நீளம், படித்தால் சரி போலவே இருக்கிறது

எனக்கு வரும் தாள்களில் அதிகமாக வருவதும், பிடிக்கக் கடினமானதும் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விடுதிக்கு ஆயிரம் விளம்பரத் தாள் அடித்தோம். நான் பார்த்தேன், வீட்டுக்காரர் மகன் பார்த்தார், அச்சகத்தில் பார்த்தார்கள். தாள் வந்து சேர்ந்த பிறகு முதல் பக்கத்தில் இந்த வரி: ‘தி பில்லர்ஸ் இன் தி ஃப்ரண்ட் ஹால் ஆஃப் திஸ் ஹவுஸ் இஸ் மேட் ஆஃப் பர்மா டீக்.’ அங்கே தங்க வந்த ஒருவர்தான் விரல் வைத்துக் காட்டினாராம். அந்தத் தம்பி தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறு அச்சுக்கு என் கைக்காசைப் போட்டேன்.

மூன்று பேர் கண்ணுக்கும் ஏன் தப்பியது? இதே வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: இந்த வீட்டின் முகப்பில் உள்ள தூண்கள் பர்மாத் தேக்கால் ஆனவை. வீடு, முகப்பு எல்லாம் முன்னாலேயே வந்துவிடுகின்றன. தூண்கள் கடைசியில் வந்து பயனிலைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. நம் கண் பழகியிருப்பது அதற்கு: வினைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் எழுவாய். ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். தூண்கள் முதலில் வந்துவிடும், பின்னாலேயே கூடம், வீடு என்று வால் நீளும். வினைக்குப் பக்கத்தில் கடைசியாக நிற்பது ‘ஹவுஸ்’. தமிழ்க் கண் அதைப் பார்த்து ‘இஸ்’ போட்டுவிடுகிறது.

இதற்கு நான் செய்யும் சோதனைகள்:

முதலாவது, பென்சில். ‘ஆஃப்’, ‘இன்’, ‘ஆன்’, ‘ஃப்ரம்’, ‘வித்’, ‘ஃபார்’, ‘நியர்’ என்ற சொல் வந்த இடத்திலிருந்து வினைக்கு முன்வரை லேசாக அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ‘தி பில்லர்ஸ் ... மேட்’. ‘ஆர்’ என்று தானாக வாயில் வரும்.

பென்சிலால் அடித்தும் தெளியவில்லை என்றால் வினையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேளுங்கள். ‘தி ப்ரைஸ் ஆஃப் தி ஓல்ட் டோர்ஸ் ஹேவ் கான் அப்.’ எது ஏறியது? கதவுகளா? இல்லை, விலை. விலை ஒருமை. அப்படியென்றால் ‘ஹேஸ் கான் அப்’.

மூன்றாவது, வாக்கியத்துக்குள் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ இருந்தால் வினை இரண்டு இருக்கும். ‘தி மேன் ஹூ மேக்ஸ் தீஸ் டைல்ஸ் லிவ்ஸ் இன் ஆத்தங்குடி.’ ‘மேக்ஸ்’ யாருக்கு, ‘லிவ்ஸ்’ யாருக்கு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டாவது வினையில்தான் எஸ் விடுபட்டுப்போகும்; முன்னால் ‘டைல்ஸ்’ நிற்பதால் கை ‘லிவ்’ என்று எழுதிவிடும்.

‘மேக்கிங் தீஸ் டைல்ஸ் டேக் டைம்’ என்பதும் இதே குடும்பம். நேரம் பிடிப்பது டைல்ஸ் இல்லை, செய்வது. செய்தல் ஒரு காரியம். ‘டேக்ஸ் டைம்’.

பென்சிலை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. ‘மோஸ்ட் ஆஃப்’, ‘சம் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’, ‘ஆல் ஆஃப்’, ‘எ லாட் ஆஃப்’ என்று ஆரம்பித்தால் ‘ஆஃப்’புக்குப் பின்னால் இருப்பதை அடிக்காதீர்கள். அங்கே அதுதான் முடிவு செய்யும். ‘மோஸ்ட் ஆஃப் தி ஹவுஸ் இஸ் லாக்ட்’ என்றால் ஒரு வீட்டின் பெரும்பகுதி பூட்டியிருக்கிறது. ‘மோஸ்ட் ஆஃப் தி ஹவுசஸ் ஆர் லாக்ட்’ என்றால் பெரும்பாலான வீடுகள் பூட்டியிருக்கின்றன. எங்கள் ஊர்களில் இரண்டும் உண்மைதான். ஆனால் சொல்ல வந்தது எது என்பது எழுதுகிறவருக்கு மட்டுமே தெரியும். கணினியின் இலக்கணத் திருத்தியில் ‘ஹவுஸ் ஆர்’ என்று விட்டால் அது ‘இஸ்’ஸாக மாற்றிக் கொடுக்கலாம். வாக்கியம் ஒட்டிவிடும், அர்த்தம் மாறிவிடும். விடுபட்டது ‘ஹவுசஸ்’ என்பதன் கடைசி எழுத்துகளாக இருந்திருக்கலாம்.

கூடவே இதையும் பாருங்கள். ‘எ நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ் கம்’ என்றால் பல பயணிகள் வருகிறார்கள், பன்மை. ‘தி நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ் ஹேஸ் ரிஸன்’ என்றால் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஒருமை. முன்னால் ‘எ’யா ‘தி’யா என்பதைப் பார்த்தாலே போதும்.

## அறிகுறி: ‘ஒன் ஆஃப்’ வந்துவிட்டது

பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த விடுதியின் தாளை எடுத்தாலும் இந்த வாக்கியம் இருக்கும்: நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஒன் ஆஃப் தி நைன் டெம்பிள்’ என்று நின்றுவிடுகிறது. தமிழில் ‘ஒன்பது கோயில்’ என்று ‘கள்’ இல்லாமலே சொல்லிப் பழக்கம், அதுதான் காரணம். ‘ஒன் ஆஃப்’புக்குப் பின் பெயர் எப்போதும் பன்மை, வினை ஒருமை: ‘ஒன் ஆஃப் தி டெம்பிள்ஸ் இஸ் இன் பிள்ளையார்பட்டி’.

கொஞ்சம் சிக்கலானது இது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அதிலிருந்து எல்லோரும் எழுதும் வரி: ‘செட்டிநாடு இஸ் ஒன் ஆஃப் தி ப்ளேசஸ் தட் ஆர் ஆன் தி லிஸ்ட்.’ இதில் ‘ஒன்’ இருக்கிறதே என்று இரண்டாவது வினையையும் ‘இஸ்’ ஆக்கிவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பவை எவை? இடங்கள். அதனால் ‘தட் ஆர்’. கறாரான ஆசிரியர்கள் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அச்சில் ‘இஸ்’ஸும் நிறையக் காணலாம் என்பதால் வாடிக்கையாளர் ‘இஸ்’ஸே வேண்டும் என்றால் நான் சண்டை போடுவதில்லை.

## அறிகுறி: ‘எவ்ரிஒன் ஆர்’, ‘ஈச் ரூம் ஹேவ்’

‘எவ்ரிஒன்’ என்றதும் மனதில் ஓடுவது ‘எல்லோரும் வந்தார்கள்’. அது பன்மை, கையும் ‘ஆர்’ போடுகிறது. ‘எவ்ரிஒன்’, ‘எவ்ரிபடி’, ‘ஈச்’, ‘நோபடி’, ‘எனிஒன்’ எதைப் பார்த்தாலும் ‘ஒவ்வொருவர்’, ‘ஒருவர்’ என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ‘எவ்ரிஒன் இஸ்’, ‘ஈச் ரூம் ஹேஸ்’. ‘ஈச் ஆஃப் தி ரூம்ஸ் ஹேவ்’ என்று வந்தால் அதுவும் தப்பு; மேலே சொன்ன பென்சில் அங்கேயும் வேலை செய்யும்.

## அறிகுறி: பொருள் பல, ஆனால் ஆங்கிலம் பன்மையை ஏற்கவில்லை

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விற்கும் பொருள்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பிழை தவறாமல் வரும்: ‘ஆல் ஃபர்னிச்சர்ஸ் ஆர் ஹேண்ட்மேட்.’ நாற்காலி, பெட்டி, ஊஞ்சல் என்று கண் முன்னால் இருபது சாமான் இருக்கும்போது பன்மை போடத்தான் தோன்றும். ஆங்கிலத்தில் ‘ஃபர்னிச்சர்’ நெல், உப்பு மாதிரி. ‘ஆல் தி ஃபர்னிச்சர் இஸ் ஹேண்ட்மேட்.’ எண்ணிச் சொல்ல வேண்டும் என்றால் ‘டென் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர் ஆர்’ என்று எழுதலாம்.

இது யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை. பட்டியலாக மனதில் ஏற்ற வேண்டியதுதான். ‘ஃபர்னிச்சர்’, ‘ஜுவல்லரி’, ‘லக்கேஜ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எக்விப்மென்ட்’, ‘சாஃப்ட்வேர்’, ‘ஃபீட்பேக்’: எங்கள் பக்கம் தினமும் வரும் எட்டும் இவைதான். ஒரு அட்டையில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். எதிலும் எஸ் ஏறாது, வினை ஒருமை.

நேர்மாறும் உண்டு. ‘போலீஸ்’, ‘பீப்பிள்’, ‘கேட்டில்’ மூன்றும் எஸ் இல்லாமலே பன்மை. ‘தி போலீஸ் ஹேவ் கம்.’ ஒரே காவலர் வந்தார் என்றால் ‘எ போலீஸ்மேன் ஹேஸ் கம்’ என்று எழுத வேண்டும்.

பணம், தூரம், காலம் மொத்தமாக ஒரு தொகையாக வந்தால் ஒருமை: ‘டுவெல்வ் தௌசண்ட் ருபீஸ் இஸ் தி ப்ரைஸ்.’ தமிழிலும் ‘பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆகும்’ என்றுதான் சொல்கிறோம். இதில் நம் பழக்கத்தையே பின்பற்றலாம்.

## அறிகுறி: இரண்டு பெயர் சேர்ந்து வருகிறது

‘அண்ட்’ வந்தால் பன்மை. ‘தி ஓனர் அண்ட் ஹிஸ் மதர் ஆர்.’ ஒரே பொருளாக, ஒரே தட்டில் வரும் உணவு விலக்கு: ‘ரைஸ் அண்ட் கறி இஸ் சர்வ்ட் அட் ஒன்.’

‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’, ‘அஸ் வெல் அஸ்’ வந்தால் பின்னால் வருபவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘தி ஓனர், அலாங் வித் ஹிஸ் சன்ஸ், ரன்ஸ் தி ப்ளேஸ்.’ மகன்கள் எத்தனை பேராக இருந்தாலும் ‘ரன்ஸ்’தான்.

‘ஆர்’ என்ற ‘அல்லது’ வந்தாலோ, ‘ஐதர்... ஆர்’, ‘நைதர்... நார்’ வந்தாலோ, வினைக்குப் பக்கத்தில் நிற்பவர் முடிவு செய்வார். ‘நைதர் தி ஓனர் நார் தி கெஸ்ட்ஸ் ஆர்’, ‘நைதர் தி கெஸ்ட்ஸ் நார் தி ஓனர் இஸ்’. மேலே இவ்வளவு நேரம் விட்டுவிடச் சொன்ன தமிழ்க் கண், இந்த ஒரு இடத்தில் சரியாகவே பார்க்கும்.

## அறிகுறி: ‘தேர் இஸ்’ என்று ஆரம்பிக்கிறது

எழுவாய் பின்னால் போய்விட்டது. ‘தேர் இஸ் த்ரீ கோர்ட்யார்ட்ஸ்’ என்று எழுதுவது ‘மூன்று முற்றம் இருக்கிறது’ என்ற பேச்சின் பாதிப்பு. ‘தேர் ஆர்.’ விளம்பரத் தாளில் அழகுக்காக வரியைத் திருப்பி எழுதும்போதும் இதுவே நடக்கும்: ‘பிஹைண்ட் தி ஹால் லைஸ் த்ரீ கோர்ட்யார்ட்ஸ்.’ வரியை நேராக்கிப் படியுங்கள், ‘லை’ என்று தெரிந்துவிடும்.

## அறிகுறி: நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், வாடிக்கையாளர் வேறு சொல்கிறார்

‘ஃபேமிலி’, ‘டீம்’, ‘ஸ்டாஃப்’, ‘கமிட்டி’ வரும் வரியில்தான் பெரும்பாலும் இது நடக்கும். பிரிட்டிஷ் வழக்கில் ‘தி ஸ்டாஃப் ஆர் ஃப்ரெண்ட்லி’ என்று ஆட்களை நினைத்துப் பன்மை போடலாம். அமெரிக்க வழக்கில் பொதுவாக ‘இஸ்’. இரண்டில் எதை எடுத்தாலும் தாள் முழுக்க ஒன்றையே வையுங்கள். கடிதம் போகிற நாட்டைப் பார்த்து முடிவு செய்வது என் வழக்கம்.

## எப்போது வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும்

ஒரு பக்கக் கடிதம், விண்ணப்பம் என்றால் மேலே சொன்னவை போதும். ஒரு பென்சில், பத்து நிமிடம். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கும் செலவில்லை.

நூறு பிரதிக்கு மேல் அச்சுக்குப் போவதாக இருந்தால், எழுதியவர் அல்லாத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு பார்க்க வேண்டும். மறு அச்சுக்கு நான் கொடுத்த பணத்தில் பிழை திருத்துபவருக்குப் பல முறை கூலி கொடுத்திருக்கலாம். எழுதியவர் கண்ணுக்கு எழுத நினைத்ததுதான் தெரியும், எழுதியது தெரியாது.

ஏற்றுமதி ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், விசாவுக்கான உறுதிமொழி இவற்றில் நான் கை வைப்பதில்லை. ‘தி பையர் ஆர் தி ஏஜென்ட்ஸ் பே’ (இங்கே ‘ஆர்’ என்பது ‘அல்லது’) என்ற வரியில் எஸ் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்கு முன், பணம் கட்டப்போவது யார் என்பது தீர வேண்டும். அது வழக்கறிஞர் வேலை. இலக்கணத்தைத் திருத்துகிறேன் என்று நான் ஒரு சொல்லை மாற்றினால் பொறுப்பு இடம் மாறிவிடும்.

யாரிடம் கொடுத்தாலும் ஆங்கிலத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். முதலில் தமிழில் எழுதி வைத்திருந்தால் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். எது எழுவாய் என்று எனக்குச் சந்தேகம் வரும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் முதலில் புரட்டுகிறேன். அதில் வினைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.